முதலில் கை பழகட்டும், பிறகு பொத்தான்

காரின் முன்சக்கரங்கள் திரும்பும், பின்சக்கரங்கள் திரும்பாது. ஓட்டப் பழக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான். கேட்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தெருவோரம் நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே நம் காரைக் கொண்டுபோய் ஒண்ட வைக்கிற பேரலல் பார்க்கிங் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. முன்பக்கமாக நுழைந்தால் மூக்கு மட்டும் உள்ளே போகும், டிக்கி ரோட்டில் நிற்கும். ரிவர்ஸில் வந்தால் திரும்பாத சக்கரங்கள் முதலில் ஓரத்தில் போய்ச் சேர்ந்துவிடும், திரும்பும் சக்கரங்கள் அவற்றின் பின்னால் வந்து வண்டியை நேராக்கும்.

மேற்கு மாம்பலம் பக்கம் பல வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்களும் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. நான் படித்தது கணிதம். அதனாலோ என்னவோ, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது வண்டியை நிறுத்தக் கற்றுக்கொடுப்பதுதான். இப்போது புது வண்டி வாங்கிய வீடுகளிலிருந்து வருகிறவர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "பட்டனை அழுத்தினா வண்டியே பார்க் பண்ணிக்குது மேடம், இதை நாங்க எதுக்குக் கத்துக்கணும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் பதில். அந்தப் பொத்தானைப் பயமில்லாமல், பிறருக்கு ஆபத்தில்லாமல் அழுத்துவதற்கே கூட முதலில் கையால் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்று விளக்குமுன் அந்த இயந்திரத்துக்குச் சேர வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன்.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. கலிபோர்னியாவைச் சேர்ந்த புரூக்ஸ் வாக்கர் என்பவர் 1930களிலேயே காரின் பின்புறத்தில் ஐந்தாவதாக ஒரு சக்கரத்தைப் பொருத்திப் பார்த்தார். அது கீழே இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் உருண்டு வண்டியை ஓரத்தில் சேர்க்கும். 1950களில் பேக்கார்ட் கார் ஒன்றில் பொருத்தி ஊருக்கெல்லாம் காட்டினார். டிக்கி இடத்தை அது விழுங்கிவிட்டது. எந்தக் கார் நிறுவனமும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு 2003-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் காரில் ஸ்டியரிங்கைத் தானே திருப்பி நிறுத்தும் வசதி விற்பனைக்கு வந்தது. 2006-ல் லெக்சஸ் எல்எஸ் 460. இந்தியாவில் 2020-ல் வந்த எம்ஜி குளோஸ்டரிலும் அது இருந்தது. இப்போது மஹிந்திரா, டாடா நிறுவனங்களின் விலை கூடிய மின்சார கார்களிலும் கிடைக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பம்பர்களில் பொட்டு வைத்ததுபோல் வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அவைதான் சென்சார்கள். நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதிரில் நிற்பதில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. நிற்கும் வண்டிகளை ஒட்டி மெதுவாகப் போனால் நடுவில் இருக்கும் இடத்தை அளந்து, போதுமா போதாதா என்று திரையில் சொல்லிவிடும். ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார் வந்த பிறகுதான் அளந்ததோடு நிற்காமல் திருப்பவும் அதனால் முடிந்தது.

என் மாணவி ஒருவர் வாங்கிய புது வண்டியில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அண்ணா நகரில் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளம். பளிச்சென்ற விளக்கு, தரையில் மஞ்சள் கோடு, இருபுறமும் தூண். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் ஆளில்லாமல் இடது பக்கம் முழுதாகச் சுற்றியது, ஒரு கணம் நின்றது, எதிர்ப்பக்கம் சுற்றியது. வண்டி கோட்டுக்கு நடுவே வந்து நின்றது. இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன்; இடைவெளி சமமாக இருந்தது. என் கைக்கும் அதைவிட நன்றாக வராது. 2015-ல் அமெரிக்காவின் ஏஏஏ வாகனச் சங்கம் இத்தகைய வண்டிகளைச் சோதித்துப் பார்த்தது. மனிதர் தானே நிறுத்தியதைவிட நடைபாதை விளிம்பில் இடிப்பது 81 சதவீதம் குறைந்தது, முன்னும் பின்னும் எடுப்பது 47 சதவீதம் குறைந்தது, நேரமும் 10 சதவீதம் மிச்சமானது. இதை மறுத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பின்பக்க சென்சார்களைப் பற்றியோ எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் அது கட்டாயம். அமெரிக்காவில் 2018 மே முதல் பின்பக்கக் கேமராவே கட்டாயம். வீட்டு வாசலில் தந்தை பின்னால் எடுத்த வண்டியில் சிக்கி இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரால் நிறைவேறிய சட்டம் அதற்கு வழி செய்தது. வண்டியின் பின்கண்ணாடிக்குக் கீழே நிற்கும் குழந்தையை எத்தனை தேர்ந்த ஓட்டுநராலும் பார்க்க முடியாது. அங்கே இயந்திரத்தின் கண் வேண்டும். நம் நாட்டிலும் கேமராவைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே சொல்வேன்.

ஆனால் அடித்தளப் பார்க்கிங் ஒன்று, தெரு வேறு.

என் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரிகிற ஓர் அமைதியான தெருவில். காலித் தண்ணீர் கேன்களை இரண்டிரண்டாக அடுக்கி, முன்னால் நிற்கும் காரின் டிக்கி இது, பின்னால் நிற்கும் காரின் பானெட் இது என்று வைத்துக்கொள்வேன். முன் காருக்கு இணையாக இரண்டடி விட்டு நிறுத்த வேண்டும். இரண்டு பின் பம்பரும் ஒரே கோட்டில் வர வேண்டும். இனி ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்து, கிளட்சைப் பாதி விட்டு, நடக்கிற வேகத்துக்கும் குறைவாகப் பின்னால் வர வேண்டும். வலப்பக்கக் கண்ணாடியில் பின்புறத்துக் கேன்கள் முழுதாகத் தெரிந்ததும் ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும். உண்மையான தெருவாக இருந்தால் பின் வண்டியின் நம்பர் பிளேட் அந்தக் கண்ணாடியில் தெரியும். வண்டி இப்போது சாய்வாக இருக்கிறது. அப்படியே இன்னும் கொஞ்சம் பின்னால். நம் இடப்பக்க முன் மூலை, முன்னால் நிற்கும் காரின் பின் மூலையைத் தாண்டிவிட்டதா? தாண்டியதும் வலப்பக்கம் முழுதாக ஒடித்தால் மூக்கு உள்ளே வந்துவிடும்.

அந்த 'தாண்டிவிட்டதா' என்ற இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். அந்த மூலை இருக்கிறது இடப்பக்கம், பானெட்டுக்கு அப்பால், கீழே. உட்கார்ந்த இடத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத மூலை எங்கே இருக்கிறது என்று உடம்பு அறிய வேண்டும். முதல் வாரம் கேன் உருளும். அடுத்த வாரம் கேனுக்கு ஒரு முழம் முன்பே பயந்து பிரேக் போடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள், ஏன் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாமல், சரியான இடத்தில் கை ஒடிக்கும். பழகிய வீட்டில் இருட்டில் நடப்பவர் மேசை மூலையில் இடித்துக்கொள்ளாத மாதிரி, வண்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவர்களுக்குள் இறங்கிவிட்டிருக்கும்.

இதற்குக் கணக்கும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரிக் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன், வாக்ஸ்ஹால் கார் நிறுவனத்துக்காக 2009-ல் ஒரு சூத்திரம் எழுதினார். ஒரே வீச்சில் உள்ளே போய் நிற்க வண்டியின் நீளத்துக்கு மேல் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன. வண்டி திரும்பும் வட்டத்தின் ஆரம், முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், முன்சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் பகுதி, பக்கத்தில் நிற்கும் வண்டியின் அகலம். நான் கற்றுக்கொடுக்கும் வேகன் ஆருக்குத் திரும்பும் ஆரம் 4.7 மீட்டர். அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், வண்டியின் நீளத்தோடு சுமார் 1.4 மீட்டர் சேர்ந்தால் போதும் என்று வருகிறது. நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். தெருவில் கண்ணளவாகவே இதைச் சொல்லிவிடுகிற ஆக்டிங் டிரைவர்களை எனக்குத் தெரியும். இடத்தைத் தாண்டிப் போகும்போதே, "இதுல நிக்காதும்மா, அடுத்ததைப் பார்ப்போம்" என்று போய்விடுவார்கள்.

இந்தக் கணக்கில் வண்டியின் நீளமும் சேர்கிறது. 2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். அதன் பிறகு நம் தெருக்களுக்குப் பொருத்தமான குட்டை வண்டிகள் பெருகின. இன்று அதே தெருக்களில் நாலே முக்கால் மீட்டர் இன்னோவாக்களும் ஃபார்ச்சூனர்களும் இடம் தேடுகின்றன. வண்டி வளர்ந்தது, தெரு அப்படியே இருக்கிறது.

தி.நகர் உள்தெரு ஒன்றில் இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முன் காரை ஒட்டிக் குறுக்காக ஓர் ஆக்டிவா நிற்கும். வீட்டுக்காரர் தன் வாசலில் யாரும் நிறுத்தக் கூடாதென்று ஒரு கருங்கல்லையோ சிமெண்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாவையோ வைத்திருப்பார். ஓரத்தில் மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று உடைந்து கிடக்கும். விழாவுக்குக் கட்டிய சவுக்குக் கம்பு ஒன்று அகற்றப்படாமல் நிற்கும். ஒலி அனுப்பி அளக்கும் சென்சாருக்கு எதிரில் ஏதாவது நின்றால்தான் பதில் வரும். பள்ளத்திலிருந்து எதிரொலி வராது. மெல்லிய கம்பு, தொங்கும் கயிறு, பம்பருக்குக் கீழே அடங்கிவிடும் கல் ஆகியவற்றை அது தவறவிடலாம் என்று வண்டியோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. சென்சார் மேல் சேறு படிந்தாலும் அதே கதைதான். மழைக்காலத்தில் துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கம் போய் வந்த எந்த வண்டியின் பம்பரைப் பார்த்தாலும் இது புரியும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது முன் மூலை. இடப்பக்கம் முழுதாக ஒடித்துப் பின்னால் வரும்போது டிக்கி ஓரத்துக்குப் போகிறது. அதே நேரத்தில் வலப்பக்க முன் மூலை ரோட்டுக்குள் துருத்திக்கொண்டு வருகிறது. புதிதாக ஓட்டுகிற எவரும் இதைக் கவனிப்பதில்லை. கண் எல்லாம் பின்னால் இருக்கும். "வரலாம், வரலாம், இன்னும் வரலாம், ஆங்!" என்று டிக்கியைத் தட்டிச் சொல்கிற வாட்ச்மேன் அண்ணனும் பின் பம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நம் தெருவில் கார் சற்றே நின்றால் போதும், பின்னால் வருகிற பைக் வலப்பக்கமாக ஒடித்து முந்தும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் வந்துவிடும். பார்க்கிங் சென்சார்கள் அளப்பது சில மீட்டர் தூரத்தை. அந்த ஒரு நொடியில் வலப்பக்கம் திரும்பிப் பார்த்து பிரேக்கை மிதிக்க வேண்டியவர் ஓட்டுநர். ஸ்டியரிங்கை இயந்திரம் சுழற்றினாலும் பொறுப்பு ஓட்டுபவருடையது என்றுதான் எல்லாக் கையேடும் சொல்கிறது.

வண்டியின் மூலை ரோட்டுக்குள் வரும் என்பதே தெரியாத ஒருவர், எந்த நேரத்தில் பிரேக்கை மிதிப்பார்? இந்த விவகாரம் முழுவதும் எனக்கு இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. தானே ஒருமுறைகூடச் செய்து பார்க்காத வேலையை இயந்திரம் சரியாகச் செய்கிறதா என்று கண்காணிக்க ஒருவரை உட்கார வைக்கிறோம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் உளவியல் ஆய்வாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே இதை எழுதிவிட்டார். எளிதான பகுதியை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, அதற்குச் சிக்கலாகும்போது மனிதரை அழைக்கிறது. அந்த மனிதருக்கோ பழக்கமில்லாமல் கை மறந்துபோயிருக்கிறது. அவர் எழுதியது தொழிற்சாலைகளையும் விமானங்களையும் மனத்தில் வைத்து. 2013 ஜூலை 6 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஏசியானா விமானம் தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு முந்தைய கடற்சுவரில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். விமானிகள் தானியங்கி அமைப்புகளை அளவுக்கு மீறி நம்பியதும், அவை எப்படி இயங்கும் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததும் அமெரிக்க விசாரணை அமைப்பு சுட்டிய காரணங்களில் உண்டு. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், பதினைந்து நாள் பயிற்சியில் லைசென்ஸ் வாங்கி, பதினாறாம் நாள் பொத்தானை அழுத்துகிறவர் என்ன செய்வார்?

கார்களிலும் இதற்கு உதாரணம் வந்துவிட்டது. ஓட்டுநர் வெளியே நின்று கைப்பேசியால் அழைத்தால் வண்டியே நகர்ந்து வரும் வசதி டெஸ்லாவில் உண்டு. அப்படி வந்த வண்டிகள் தூணிலும், நிறுத்தியிருந்த கார்களிலும் மோதியதாகப் புகார்கள் எழுந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 26 லட்சம் டெஸ்லா கார்களை விசாரணைக்குள் கொண்டுவந்தது.

என் மாணவி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை. லைசென்ஸ் கையில் இருந்தது, பள்ளிக்கு நன்றாகவே ஓட்டிப் போவார். அங்கே உள்ளே விசாலமான மைதானம். மயிலாப்பூர் கோயிலுக்கு ஆட்டோ. பாண்டி பஜாருக்கு ஆட்டோ. அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போகக் கணவர் விடுப்பு எடுக்க வேண்டும். ஓட்டுவதில் அவருக்குப் பயமில்லை. போன இடத்தில் ரோட்டோரம் நிறுத்த வேண்டுமே, பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பானே, முன்னும் பின்னும் எடுக்கும்போது நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்களே என்பதுதான் பயம். வீட்டில் ஒரு கார் இருந்தும் ஊரில் பாதி இடம் அவருக்கு எட்டாமல் இருந்தது. இப்படி எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். கணவர் பெயரைச் சொல்லி, மகன் பெயரைச் சொல்லி மறைத்துக்கொள்வார்கள். கிளறிப் பார்த்தால் அடியில் இருப்பது பார்க்கிங் பயம்.

அவரை மறுபடி தண்ணீர் கேன்களிலிருந்து தொடங்க வைத்தேன். ஹாரன் அடித்தால் என்ன செய்வது என்பதையும் பாடமாகவே வைத்தேன்: இண்டிகேட்டர் போடுங்கள், கையை வெளியே நீட்டிக் காட்டுங்கள், அவசரப்படாதீர்கள், ரோடு அவருக்கும் சொந்தம் உங்களுக்கும் சொந்தம். வடக்கு மாட வீதியில் ஒரு மாலை, பூக்கடைக்குச் சற்றுத் தள்ளி, ஓர் ஆல்டோவுக்கும் ஒரு டாடா ஏஸுக்கும் நடுவே அவராகவே நிறுத்தினார். நான் என் பக்கத்து பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. இறங்கி, சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைச் செருப்புக் காலால் அளந்து பார்த்தார். பிறகு கோயிலுக்குள் போகாமல் அப்படியே நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அம்மாவை மருத்துவரிடம் அவரே கூட்டிப்போகிறார்.

இந்தப் பயத்தைத் தானியங்கி வசதியே தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். தீர்க்கும், அந்த வண்டி வைத்திருக்கும்வரை. அந்த வசதி பெரும்பாலும் உயர்ந்த ரகங்களில் மட்டும் வருகிறது. இந்த ஊரில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பகுதி அந்த ரகமல்ல. ஆசிரியையின் வண்டி பழைய ஆல்டோ. நாளைக்கு அண்ணன் வண்டியை எடுக்க வேண்டி வரலாம், ஊருக்குப் போன இடத்தில் வாடகைக் கார் எடுக்கலாம். வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஆக்டிங் டிரைவருக்குத் தினமும் வேறு வேறு வண்டி. கையில் இருக்கும் பழக்கம் எந்த வண்டிக்கும் கூடவே வரும். வண்டியில் இருக்கும் வசதி வண்டியை விற்றால் போய்விடும். மேலும் அந்தப் பழக்கம் பார்க்கிங்கோடு முடிவதில்லை. குறுகிய சந்தில் எதிரே குப்பை லாரி வந்தால் பின்னால் எடுத்து வழிவிட, ஆம்புலன்ஸுக்கு ஓரம் ஒதுங்க, நடைபாதையில் நிற்கும் தள்ளுவண்டியை உரசாமல் கடக்க உதவுவது எல்லாமே ஞாயிற்றுக்கிழமைக் கேன்களுக்கு நடுவே கற்ற அதே அறிவுதான்.

கழுத்து திரும்பாத முதியவர்களுக்கும், உடல் இயக்கத்தில் தடை உள்ளவர்களுக்கும் இந்தத் தொழில்நுட்பம் வரம். அவர்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

அதுபோலவே, ஆள் நடமாட்டமில்லாத அடைத்த இடங்களில் வண்டி நிறுத்தும் வேலையை இயந்திரத்திடம் முழுதாகவே விட்டுவிடலாம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தில் ஒரு பார்க்கிங் கட்டடத்தில், ஓட்டுநர் இறங்கிப்போன பிறகு மெர்சிடிஸ் கார் தானே போய் நின்றுகொள்வதற்கு 2022 நவம்பரில் அனுமதி கிடைத்தது. நம் தி.நகர் தணிகாசலம் சாலையில் 2021-ல் திறந்த பல அடுக்கு வாகன நிறுத்தத்திலும் காரை மேலே கொண்டுபோய் அடுக்குவது இயந்திரம்தான். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் வந்தபோது ஓரத்தில் நின்ற வண்டிகளுக்கு வேறு இடம் தேவைப்பட்டது. இப்படிப்பட்ட கட்டடங்கள் இன்னும் பல வர வேண்டும். அங்கே குறுக்கே பைக் வராது, வடிகால் மூடி உடைந்திருக்காது, பந்து பொறுக்க ஒரு பையன் ஓடி வரமாட்டான். இவை மூன்றும் இருக்கிற தெருவில் மட்டும், இயந்திரம் துணைக்கு இருக்கட்டும், பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அப்படி ஒருவரை உருவாக்கும் வேலையை லைசென்ஸ் தேர்வு செய்கிறதா? பிரிட்டனில் 2017 டிசம்பரில் தேர்வு முறையை மாற்றியபோதும் பேரலல் பார்க்கிங்கை விடவில்லை. தேர்வாளர் கேட்கக்கூடிய மூன்று நிறுத்தும் பயிற்சிகளில் அது ஒன்று. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2015-ல் அதைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. அகலமான சாலையும் வீட்டுக்கு வீடு கார் நிற்கும் முற்றமும் உள்ள இடத்தில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். நம் ஊர் அப்படியில்லை.

நம் பக்கத்து மாநிலமான கேரளம் 2024-ல் துணிந்தது. பேரலல் பார்க்கிங், சாய்வாக நிறுத்துவது, வளைந்து வளைந்து ஓட்டுவது என்று தேர்வைக் கடினமாக்கிச் சுற்றறிக்கை வந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின, அரசு சில தளர்வுகள் தர நேர்ந்தது. அதற்கேற்ற திடல் எங்கே என்று அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் பேரலல் பார்க்கிங்கைத் தேர்வில் வைப்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்கள் எதிர்க்கக் கூடாது. கற்றுக்கொடுப்பதுதானே நம் வேலை? அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசு வகுத்து, 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் கார் ஓட்ட 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் வண்டியில். ரிவர்ஸ் எடுப்பதும் பார்க்கிங்கும் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. வெளியே பெரும்பாலோர் வாங்குகிற பயிற்சியோ பதினைந்து நாள், தினம் அரை மணி. கூட்டினால் ஏழரை மணி நேரம். அதில் நேராக ஓட்டவும் கியர் மாற்றவுமே பொழுது போய்விடும். தேர்வில் கேட்காததை யாரும் காசு கொடுத்துக் கற்கமாட்டார்கள், கேட்டால் கற்பார்கள்.

புது வண்டி வாங்கியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த வசதியை முதல் மூன்று மாதம் அணைத்து வையுங்கள். கேமராவும் சென்சாரும் இருக்கட்டும். கூட்டமில்லாத தெருவில், வீட்டில் உள்ள ஒருவரை நடைபாதையில் நிற்க வைத்துக்கொண்டு கையால் பழகுங்கள். பிறகு பொத்தானை அழுத்துங்கள். அது எப்போது சரியாகச் செய்கிறது, எப்போது தடுமாறுகிறது என்பது உங்களுக்கே தெரியும். கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை இதற்காகக் கோடி ரூபாயில் எதையும் கட்ட வேண்டியதில்லை. தேர்வு நடக்கும் திடலின் ஓரத்தில் ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு. நான்கு மூலையிலும் நான்கு கம்பு. மூன்று முறை முயலலாம். வண்டியில் கேமரா இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும். ஸ்டியரிங்கை அவர்தான் திருப்ப வேண்டும். தொடங்குமுன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க வேண்டும். நடுவில் ஆய்வாளர் சொல்லி ஒருவர் பைக்கில் வலப்பக்கமாக வந்தால், மூலை வெளியே நீள்வதற்கு முன்பே வண்டியை நிறுத்த வேண்டும். கம்பு விழுந்தாலோ பைக்கைப் பார்க்காமல் விட்டாலோ, இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு இன்னொரு நாள் வரட்டும்.